முப்பது சென்ட் தோட்டத்துக்கு எந்த மெஷின்?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முப்பது சென்ட் செவல் காடு இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கம். கத்திரி, தக்காளி, வெண்டை, மிளகாய், ஒரு அவரைப் பந்தல், வேலியோரம் நாலு முருங்கை. வீட்டுச் சமையலுக்குப் போக மிஞ்சுவது சொந்தக்காரர்களுக்கும் சந்தைக்கும் போகும். இந்தத் துண்டு நிலத்தை உழ டிராக்டர்காரரைக் கூப்பிட்டால், "அரை மணி நேர வேலைக்கு வண்டிய எடுத்துட்டு வரணுமாண்ணே?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மனசு வைத்து வந்தாலும் பந்தல் கல்லுக்கும் முருங்கைக்கும் நடுவே வண்டி திரும்பாது. ஒன்பது கலப்பை மூலைகளைத் தொடாது. மிச்சத்தை மண்வெட்டியால்தான் கொத்த வேண்டும். நட்ட பிறகு வரும் களைக்கு டிராக்டரால் ஒரு பயனும் இல்லை.

அதனால்தான் கையால் தள்ளி ஓட்டும் மெஷின் ஒன்று வாங்க முடிவு செய்தோம். முதலில் வாங்கியது தவறாகப் போனது. இரண்டாவதாக வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்ததும் சரிப்படவில்லை. மூன்றாவதுதான் இப்போது கொட்டகையில் நிற்கிறது. இதே அளவு தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், கற்றுக்கொண்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

கடைக்குப் போனால் பவர் டில்லர், பவர் வீடர், மினி டில்லர் என்று மூன்று பெயர்கள் காதில் விழும். சில கடைகளில் மூன்றையும் ஒன்றுபோலவே சொல்வார்கள். மூன்றும் வேறு வேறு.

பவர் டில்லர் என்பது நடந்து ஓட்டும் டிராக்டர். பெரும்பாலும் டீசல், பத்துப் பன்னிரண்டு எச்பிக்கு மேல், எடை நானூறு கிலோவைத் தாண்டும். பெங்களூரின் விஎஸ்டி, கேரளத்தில் அத்தாணியிலுள்ள கேம்கோ இரண்டும் இதில் நெடுநாள் பெயர் பெற்றவை. வயலில் சேற்றுழவு செய்யவும் பின்னால் டிரெய்லர் மாட்டவும் ஏற்றது. முப்பது சென்ட்டுக்கு அது தேவையில்லை.

மினி டில்லர் என்று விற்பதில் பெரும்பாலானவை 52 சிசி, 63 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்தவை. ஒருவரே தூக்கிவிடலாம். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். இருபத்தைந்துக்கு ஒன்று என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, ஐம்பதுக்கு ஒன்று என்றால் 20 மில்லி.

இரண்டுக்கும் நடுவே நிற்பது பவர் வீடர். அரசுத் தாள்களில் விசைக் களையெடுப்பான். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினோ டீசல் எஞ்சினோ இருக்கும். எச்பி ஐந்திலிருந்து ஒன்பது வரை போகும். காய்கறித் தோட்டக்காரர்கள் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் இதுதான். ஆனால் இதற்குள்ளேயே அறுபது கிலோ மெஷினும் உண்டு, நூற்றுச் சொச்சம் கிலோ மெஷினும் உண்டு. பிசகு நடப்பதும் அங்கேதான்.

நான் செய்த தவறு

முதலில் வாங்கியது 63 சிசி டூ ஸ்ட்ரோக். விலை குறைவு, எடை குறைவு, வீட்டுக்காரியும் ஓட்டலாம் என்று நினைத்தேன். கடையில் அதை மணல் குவியலில் ஓட்டிக் காட்டினார்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து வெயிலில் காய்ந்து கிடந்த செவலில் விட்டால் கத்தி மண்ணில் இறங்காமல் மேலேயே குதித்துக் குதித்து ஓடியது. பிடித்து நிறுத்தியே தோள்பட்டை விட்டுப்போனது. தண்ணீர் பாய்ச்சி மண் இளகிய பிறகு ஓட்டினால் மூன்று அங்குலம் இறங்கும், அதற்கு மேல் போகாது.

அதை விற்றுவிட்டு, எச்பிதான் குறை என்று நினைத்து ஒன்பது எச்பி டீசல் வீடர் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். உழவு அருமையாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு சால் முடிவிலும் அதைத் திருப்ப இடுப்பைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்காரி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, ஓட்றது ஒன்னும் கஷ்டமில்ல. திருப்பறதுதான் என்னால ஆகாது."

அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வழி காட்டியது. எங்கள் தோட்டத்தின் நீளம் நூற்று முப்பது அடி, அகலம் நூறு அடி. இரண்டடி அகலத்தில் ஓட்டினால் ஒரு உழவுக்கு ஐம்பது சால். அப்படியென்றால் ஐம்பது முறை திருப்ப வேண்டும். பெரிய வயலில் ஓட்டுகிறவருக்குத் திருப்பம் எப்போதாவது வரும். நமக்கு அதுவே பாதி வேலை. மெஷினைத் திருப்பும்போது யாருக்குக் கை நோகுமோ, அவரை வைத்துத்தான் மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கத்தி எப்படி மண்ணில் இறங்குகிறது?

அந்தச் சின்ன மெஷின் ஏன் குதித்தது என்பது பழனிச் சாலையில் இருக்கும் மெக்கானிக் ஒருவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. "எச்பியப் பாக்காதீங்கண்ணே, எடையப் பாருங்க" என்றார்.

முன்னால் கத்தி வைத்த வீடர்களில் உழும்போது சக்கரம் கிடையாது. சுற்றுகிற கத்திதான் மண்ணையும் வெட்டுகிறது, மெஷினையும் முன்னால் இழுத்துப் போகிறது. பின்னால் ஒரு கம்பி ஊன்றியிருக்கும். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் அந்தக் கம்பி மண்ணில் பதிந்து ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தும். முன்னே போக முடியாத கத்தி ஆழத்துக்கு இறங்கும். பிடியைத் தளர்த்தினால் முன்னே நகரும். இந்த அழுத்தலும் தளர்த்தலும் கைக்குப் பழகுவதுதான் வீடர் ஓட்டும் வித்தை. ஆனால் மண் இறுகியிருந்து மெஷினில் எடையும் இல்லையென்றால் கத்தி மண்ணுக்குள் போக மறுத்து மேலேயே நடந்துபோகும். எஞ்சினில் எத்தனை பலம் இருந்தாலும் அதை மண்ணுக்குள் பிடித்து வைப்பது எடைதான்.

இன்னொரு வகையில் முன்னால் சக்கரம் இழுக்கும், பின்னால் ரோட்டரி வெட்டும். கடைகளில் பேக் ரோட்டரி என்பார்கள். இறுகிய மண்ணில் அது குதிக்காது, நடையும் சீராக இருக்கும், கைக்கு அதிர்வு குறைவு. ஆனால் எடை கூடுதல், திருப்ப இடமும் அதிகம் வேண்டும். ஐம்பது சென்ட்டுக்கு மேல் நிலம், நீளமான சால், முரட்டு மண் என்றால் அதை யோசிக்கலாம். என்னைப் போல முப்பது சென்ட்டில் பந்தலும் மரமும் வைத்திருப்பவர்களுக்கு முன் கத்தி வீடர்தான் வளைந்து கொடுக்கும்.

எச்பி சொல்வதும் சொல்லாததும்

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எச்பியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்160 எஞ்சின் 163 சிசி. முன்பு அது 5.5 எச்பி என்று அறியப்பட்டது. பிறகு நிகரத் திறன் முறையில் கணக்கிட்டபோது 4.8 எச்பி என்று குறிப்பிட ஆரம்பித்தார்கள். அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறிவிடுகிறது. அதுவும் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் கிடைப்பது. நாம் எப்போதும் அந்த வேகத்தில் ஓட்டுவதில்லை.

சீன வகை எஞ்சின்களில் 168எஃப், 170எஃப், 186எஃப் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் ஒரு சிலிண்டர் என்பதைக் குறிக்கும். அடுத்த இரண்டும் சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் காற்றால் குளிர்வது. 170எஃப் என்பது 70 மி.மீ. விட்டம், ஏறக்குறைய 210 சிசி பெட்ரோல் எஞ்சின். 186எஃப் என்பது 86 மி.மீ., நானூறு சிசிக்கு மேற்பட்ட டீசல். இந்த எண் தெரிந்தால் எச்பியை யார் எப்படிச் சொன்னாலும் எஞ்சின் எவ்வளவு பெரியது என்று நமக்கே புரிந்துவிடும். உதிரி பாகம் வாங்கப் போகும்போதும் கடைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

என் கணக்கு இது. வண்டல், மணல் கலந்த இளகிய மண், பத்துப் பதினைந்து சென்ட் என்றால் சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் மினி டில்லர் போதும். செவல், சரளை கலந்த மண், இருபதிலிருந்து ஐம்பது சென்ட் என்றால் 160 முதல் 210 சிசி பெட்ரோல், அறுபது எழுபது கிலோ. கரிசல், களிமண், ஒரு ஏக்கரை நெருங்கும் நிலம் என்றால் டீசல். நான் வாங்கியது நடு வகை.

டீசலில் எரிபொருள் செலவு குறைவு, இழுவை அதிகம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் எஞ்சினின் எடை, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிரமம், கைப்பிடியில் வரும் அதிர்வு எல்லாமே கூடுதல். வருடத்தில் முப்பது மணி நேரம் ஓட்டப்போகிற மெஷினில் டீசலால் மிச்சமாகும் காசு பெரிதாக இருக்காது.

அகலத்தைப் பயிரிடம் கேளுங்கள்

வாங்குவதற்கு முன் ஒரு டேப் எடுத்துத் தோட்டத்தில் அளந்து பாருங்கள். கத்திரி, தக்காளி, மிளகாய்க்கு வரிசை இடைவெளி 60 செ.மீ., வெண்டைக்கு 45 செ.மீ. என்பது வழக்கமான கணக்கு. வீடரின் முழு அகலம் பல மாடல்களில் மூன்றடி வரை இருக்கும். ஓரக் கத்திகளைக் கழற்றினால் ஒன்றரை அடிக்குக் குறையும். 60 செ.மீ. என்பது இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரை அடி மெஷின் போனால் இருபுறமும் மூன்று அங்குலம்கூட மிஞ்சாது. செடி சின்னதாக இருக்கும்போது போகலாம். கிளை விரித்த பிறகு போனால் இலையும் வேரும் போய்விடும்.

நாங்கள் இப்போது கத்திரிக்கும் தக்காளிக்கும் இரட்டை வரிசை நடவு செய்கிறோம். இரண்டு வரிசை நெருக்கமாக, அடுத்த இரண்டுக்கு முன் மூன்றடி இடைவெளி. சொட்டுநீர்க் குழாய் நெருங்கிய வரிசைகளுக்கு நடுவே ஓடுகிறது. மெஷின் அகலமான சந்தில் மட்டும் போகும். இதனால் குழாய் கத்தியில் சுற்றிக்கொள்ளும் தொல்லை போனது. மெஷின் வாங்கியபின் நடவு முறையை மாற்றத் தெம்பில்லாதவர்கள் ஓரக் கத்தி எளிதாகக் கழறுகிற மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே ஒரு பின்னைத் தட்டினால் கழறுவதும் உண்டு, நாலு போல்ட்டைச் சாவி போட்டுத் திருகினால்தான் கழறுவதும் உண்டு.

எவ்வளவு நேரம் ஆகும், வாங்கத்தான் வேண்டுமா?

உழும்போது மெதுவாக, மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 60 செ.மீ. அகலம் என்றால் மணிக்கு 900 சதுர மீட்டர். திருப்பம், சுற்றிய கொடியை நீக்குவது, தண்ணீர் குடிக்க நிற்பது எல்லாம் கழித்தால் அறுநூறுதான் தேறும். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். ஆக மணிக்குப் பதினைந்து சென்ட். முப்பது சென்ட்டுக்கு ஒரு உழவு இரண்டு மணி, குறுக்குச் சாலும் ஓட்டினால் நாலு மணி. வருடத்துக்கு இரண்டு மூன்று நடவு, இடையில் களை எடுப்பு எல்லாம் சேர்த்து எங்களுக்கு இருபத்தைந்து முப்பது மணி ஓடுகிறது.

இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். ஐம்பதாயிரம் ரூபாய் மெஷின், வருடத்துக்கு இருபத்தைந்து மணி, எட்டு வருடம் என்றால் இருநூறு மணி. மணிக்கு 250 ரூபாய், பெட்ரோலும் ஆயிலும் தனி. உங்கள் ஊரில் ஆளோடு வீடர் வாடகைக்குக் கிடைக்கும் விலை என்ன, கேட்ட நாளில் வருவார்களா என்பதோடு ஒப்பிடுங்கள். பத்து சென்ட்டுக்குக் கீழே என்றால் வாங்கவே வேண்டாம் என்பேன். நல்ல மண்வெட்டியும் களைக்கொட்டும் போதும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவதும் நல்ல வழி. ஆனால் ஆயில் யார் மாற்றுவது என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

மானியம்

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் 2014-15 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக பவர் டில்லருக்கும் பவர் வீடருக்கும் மானியம் தருகிறார்கள். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்பது அடிப்படை. இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியில் பதியலாம். சிட்டா, ஆதார், வங்கிக் கணக்கு, சிறு குறு விவசாயி சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். நிலம் வீட்டில் யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து யார் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யுங்கள். முக்கியமாக, அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டு பில்லோடு போனால் நடக்காது.

மானியம் வாங்காவிட்டாலும் ஒன்று செய்யலாம். மானியப் பட்டியலில் சேர மெஷின் சோதனையில் தேறியிருக்க வேண்டும். ஆந்திராவின் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேவில் தென்மண்டலப் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் இருக்கிறது. அப்படிப்பட்ட நிலையத்தின் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. எல்லா வகை மெஷினையும் ஒரே இடத்தில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால், வருடா வருடம் கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சி நல்ல இடம். ஆனால் அங்கேயே பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சர்வீஸும் உதிரி பாகமும் இருக்கிறதா என்று விசாரித்த பிறகு வாங்குங்கள்.

மண்ணுக்குத் தீங்கு வராமல்

மெஷின் கையில் இருந்தால் சும்மா சும்மா ஓட்டத் தோன்றும். மண்ணை மாவாக அரைத்துவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுத்த மழையில் மேல் மண் பூசி மெழுகியது போல இறுகி, விதை முளைத்து வெளியே வர முடியாமல் தவிக்கும். மண்புழுவும் குறையும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். கையில் ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஈரத்தில் ஓட்டினால் கத்தி போகும் ஆழத்துக்குக் கீழே மண் தட்டாகப் படிந்து வேர் இறங்காது.

கோரை இருக்கும் தோட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலி மாதிரி கோத்திருக்கும். நுனிக் கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கும். கத்தி அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டால் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். அருகும் அப்படியே, துண்டாக்கிய கணு ஒவ்வொன்றும் ஒரு செடி. எங்கள் வடக்கு மூலையில் ஒரு திட்டாக இருந்த கோரையை நான்தான் மெஷினால் தோட்டம் முழுக்கப் பரப்பினேன். இப்போது சித்திரை வெயிலில் மட்டும் அந்த மூலையை உழுது, கிழங்குகளை மேலே கொண்டுவந்து காயவிட்டு, பொறுக்கி எடுக்கிறோம். மற்ற நாளில் அங்கே களைக்கொட்டுதான்.

ஓடாத நாட்களும் மெஷினைக் கெடுக்கும்

நம்மைப் போலச் சின்னத் தோட்டக்காரர்களின் மெஷின் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். இரண்டு மாதம் அப்படியே விட்டால் கார்புரேட்டரில் பிசின் படிந்து, நடவு நாளன்று எஞ்சின் கிளம்பாது. வேலை முடிந்து நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். டேங்கில் மிச்சமிருப்பதை வடித்து பைக்கில் ஊற்றிவிடலாம்.

புது எஞ்சினில் முதல் இருபது மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். அதன்பின் நூறு மணிக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று பல கையேடுகளில் இருக்கும். நமக்கு நூறு மணி வர மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் ஆறு மாதக் கணக்கைத்தான் பிடிக்க வேண்டும். ஏர் ஃபில்டரைப் புழுதி உழவு முடிந்த அன்றே கழுவுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கிளட்ச் பிடியை விட்ட உடனே கத்தி நிற்க வேண்டும். கடையிலேயே நாலு முறை விட்டுப் பாருங்கள். ரிவர்ஸில் மெஷின் நம் காலை நோக்கி வரும். பின்னால் சுவரோ மரமோ இருந்தால் ரிவர்ஸ் போடவே கூடாது. வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் முந்தானை எதுவும் வேண்டாம். கால் மூடிய ஷூ கட்டாயம். கத்தியில் சுற்றிய கொடியை எடுக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, பிளக் கேப்பைப் பிடுங்கிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது

தனியாகப் போகாதீர்கள். தோட்டத்தில் உங்களோடு வேலை செய்கிறவரையும் கூட்டிப் போங்கள். மணலில் ஓட்டிக் காட்டினால் ஏற்காதீர்கள். இறுகிய தரையில் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு பிடியை அவர் கையில் கொடுத்து, பத்துச் சால் தூரம் ஓட்டி, பத்து முறை திருப்பச் சொல்லுங்கள். பத்தாவது முறை அவர் முகத்தைப் பாருங்கள். எந்த மெஷின் என்பது அங்கே தெரிந்துவிடும்.

நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். வீட்டுக்காரி மூன்று மெஷினைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கைப்பிடியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற ஒன்றைக் காட்டினாள். அன்று நான் பிடித்துப் பார்த்திருந்தால் அதைவிடப் பெரியதைத்தான் எடுத்திருப்பேன்.

போன வாரம் கத்திரிக்கு இரண்டாம் களை. காலை ஆறரைக்கு அவள் அகலமான சந்துகளில் வீடரை ஓட்டிக்கொண்டு முன்னே போனாள். நான் பின்னாலேயே குந்தி, கத்தி எட்டாத தூரோரக் களைகளைக் களைக்கொட்டால் எடுத்து மண் அணைத்துக்கொண்டே போனேன். எட்டரைக்குள் கத்திரிப் பாத்திகள் மொத்தமும் முடிந்தது. மெஷினைக் கழுவி நிறுத்திவிட்டு, அவளே பெட்ரோல் குழாயை மூடினாள்.